காலைமுகம் என்னும் பூ

சித்திரக்கதை என்றதும் எம்மவர்க்குப் பத்திரிகையின் சிறுவர் பகுதியே நினைவுக்கு வரும். யப்பானியரின் நிலை வேறு. 'மங்கா' எனப்படும் அவர்களது சித்திரக்கதை வளர்ந்தவர்களும் ஆழ்ந்து வாசிக்கும் இலக்கிய வடிவம். இன்று நேயர்களுக்கு நான் அறிமுகஞ் செய்யும் 'மோரி நோ அசகாஓ' அவ்வகையைச் சேர்ந்தது. கோதா மமோரா எழுதி வரைந்த இப்படைப்பு 2004 முதல் 2007 வரை சஞ்சிகைத் தொடராக வெளிவந்தது. 2007 இல் யப்பானிய ஊடகக் கலைவிழாவில் மங்காப் பிரிவின் பெரும்பரிசைப் பெற்றது. 2010 இல் தொலைக்காட்சி நாடகமாகவும் ஆக்கப்பட்டது.

'மோரி' என்றால் வனம். 'அசகாஓ' விடியலில் விரிந்து வெயிலேற வாடிவிடும் ஒரு கொடிப்பூ. 'அச' காலை, 'காஓ' முகம். அழகான பெயர்தான். ஆனால் இதன் கொடுமை அந்நாட்டின் தண்டனை முறையை அறிந்தவர்க்கே விளங்கும்.

யப்பானில் மரணதண்டனை தூக்கு மூலமே நிறைவேற்றப்படுகிறது. தீர்ப்பு உறுதியாகி ஆறு மாதங்களுக்குள் நீதி அமைச்சர் ஆணையிட வேண்டுமென்பது சட்டம். நடைமுறையில் ஆண்டுகள் பல கழிகின்றன. கைதி இருப்பது சாதாரண சிறையில் அன்று, விளக்கமறியற் சிறையில். விதிக்கப்பட்டது மரணமேயன்றிச் சிறைவாசம் அல்லவாதலால், கட்டாய வேலையும் கிடையாது. காத்திருப்பதே அவனது வேலை. நாள் எதுவென்று எவரும் சொல்லமாட்டார். அன்று காலையில், ஓரிரு மணி நேரத்துக்கு முன்னர்தான் அறிவிப்பார்கள். குடும்பத்தினர் அறிவதோ எல்லாம் முடிந்த பின்னர். ஆகவே ஒவ்வொரு காலையும் நடைபாதையில் கேட்கும் காலடியோசை தன் கதவருகே நிற்குமா, கடந்து போகுமா என்று செவிசாய்த்தபடி இருப்பான். சனி, ஞாயிறு தினங்களில் தூக்கிலிடச் சட்டம் இடந்தராது. அவ்விரு காலைகளும் அச்சமற்றவை!

இந்த நடைபாதையிலே புதிதாகக் கடமையேற்ற இளங்காவலன் ஒய்காவா நவோகி. பெற்றோரைக் கொன்றவனைப் பழிவாங்கிக் கொலைகாரனான வத்தாசே மித்சுரு அங்குள்ள கைதி. இருவருக்குமிடையே நட்பு அரும்புகிறது. கைதி தற்கொலை செய்யாமற் பார்ப்பதும், நோயுற்றால் வைத்தியரை அழைப்பதும் காவலன் பொறுப்பு. எதற்காக? கயிற்றிடம் உயிருடன் ஒப்படைப்பதற்காக. இந்த முரண்பாடே கதையின் உயிர்நாடி என்பேன்.

தண்டனைக் கூடத்தில் காவலர் சிலர் ஒரே வேளையில் ஆளுக்கொரு பொத்தானை அழுத்துவர். பலகையைத் திறந்தது எந்தப் பொத்தானென்று எவர்க்கும் தெரியாது. காவலரின் மனச்சுமையைக் குறைக்கச் செய்த ஏற்பாடு இது. கோதா இந்த ஆறுதலை எளிதில் ஏற்கவில்லை. அதற்காகக் கொலையுண்டவரின் உறவினரை அவர் மறந்தாரில்லை, கைதிகளைப் புனிதராக்கவுமில்லை. தடித்த கோடுகளால் வரையப்பட்ட முகங்கள், பேச்சில்லாத சட்டங்களிலும் நம்மை விடுவதில்லை.

இது வெறுங் கற்பனையென எண்ணவேண்டாம். ஹக்கமாதா இவாவோ என்பவருக்கு 1968 இல் மரணதண்டனை விதிக்கப்பட்டது. 1980 இல் உறுதியாயிற்று. 2014 இல் வெளியே விடப்படும்வரை அத்தகைய காலைகள் அவருக்கு ஆயிரக்கணக்கில் விடிந்தன. சித்தம் சிதைந்த நிலையிலேயே வெளிவந்தார். 2024 செப்டெம்பரில் நீதிமன்றம் அவரைக் குற்றமற்றவர் எனத் தீர்த்தபோது அவருக்கு 88 வயது.

கதையின் முடிவைச் சொல்லி வாசிப்போர் சுவையைக் கெடுக்க நான் விரும்பவில்லை. தமிழில் எவரேனும் இதனைப் பெயர்ப்பாராயின் தலைப்பிலேயே திண்டாடுவார். பூவின் பெயரைப் பூவாகவே தருவதா, முகத்தையும் அதில் காட்டுவதா? 'காலைமுகம்' என்று எழுதி, முகத்தையும் காட்டலாமென்பது என் கட்சி.