பரணில் உறங்கும் பணம்

மாணவர்களே! புதுச்சேரிக்குத் தெற்கே, பாகூர்க் கொம்யூனில், கடலை அடுத்துப் பனித்திட்டு என்னும் மீனவர் ஊர் உள்ளது. அத்தகைய ஊரில் ஒரு வீட்டின் பரணையும் தாழ்வாரத்தையும் நோக்குவோமாயின், சிறுவன் வளர்ந்துவிட்டமையால் அவனுக்குப் பொருந்தாது போன மிதிவண்டி, மணமாகிச் சென்ற மகளின் தையற்பொறி, தேர்வுக்குப்பின் எவரும் தொடாத நூல்கள் முதலியன காணப்படும். ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் சூன் 14 முடிய 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குச் செல்லுதல் கூடாது. வருவாய் சுருங்கும் அந்நாள்களில் இப்பொருள்களின் விலை குடும்பத்திற்குச் சிறு துணையாகும்.

முன்பெல்லாம் இவற்றைக் கொள்பவர், பழைய இரும்புக்குப் பேரீச்சம்பழம் தரும் வண்டிக்காரரே. அவர் பொருளின் எடையைக் கண்டாரேயன்றிப் பயனைக் கண்டாரில்லை. தைக்கும் பொறியும் அவர் தராசில் வெறும் இரும்பே! பயனறிந்து வாங்குவோர் நகரச் சந்தைகளில் இருந்தனர். சென்னையில் 1900ஆம் ஆண்டு திறக்கப்பெற்ற மூர் மார்க்கெட்டு, 1985இல் தீக்கிரையாகும்வரை பழைய நூல்களுக்கும் பழம்பொருள்களுக்கும் பெயர் பெற்று விளங்கிற்று. ஆயினும், ஒரு தையற்பொறியைச் சுமந்துகொண்டு அத்துணைத் தொலைவு செல்வார் யார்?

இக்குறையைக் கைப்பேசிச் செயலிகள் நீக்கின. 2006ஆம் ஆண்டு தோன்றிய ஓ.எல்.எக்ஸ் போன்றவற்றில், பொருளின் படத்தையும் விவரத்தையும் விலையையும் பதிந்தால், பாகூரில் உள்ளாரும் கடலூரில் உள்ளாரும் அதனைக் காண்பர். ஆனால் சந்தையில் வாங்குவோர் பொருளைத் தொட்டுப் பார்த்தனர். இங்கோ முதலில் காண்பது படமே. ஆதலின், தொட்டறிய வேண்டியதை விற்பவரே சொல்லிவிடுதல் வேண்டும். ‘நல்ல மிதிவண்டி’ என்று எழுதுவதினும், ‘ஐந்தாண்டு ஓடியது, பின்சக்கரத்தின் டயர் தேய்ந்துள்ளது, பிரேக் நன்றாகப் பிடிக்கும்’ என்று எழுதுவது மேல். தேய்ந்த டயரின் படத்தையும் சேர்த்தல் நன்று. குறையைக் கேட்டு விலகுவோர் விலகட்டும். வருபவர் தெரிந்தே வருவர்.

இதற்கு ஒரு சான்று உண்டு. அமெரிக்காவில் 1995ஆம் ஆண்டு பியர் ஓமிடியார் என்பார், பின்னாளில் ஈபே எனப் பெயர் பெற்ற இணையச் சந்தையைத் தொடங்கினார். அதில் முதன்முதல் விற்றது, பழுதுபட்ட லேசர் சுட்டுவிளக்கு ஒன்று. விலை 14 டாலர் 83 சென்ட். ‘இது பழுதுபட்டது என்பதை அறிவீரா?’ என்று அவர் வினவ, வாங்கியவர், தாம் பழுதுபட்ட சுட்டுவிளக்குகளையே சேர்ப்பவர் என்று விடை கூறினாராம்! உலகில் எப்பொருளுக்கும் ஒருவர் இருக்கிறார் போலும்.

இனி, விற்பவரும் ஏமாறுவதுண்டு. வாங்குபவர் போல் ஒருவர் பேசுவார். விலையைக் குறைத்துக் கேளார். பொருளைப் பாராமலே இசைவார். பின்னர், ‘பணம் அனுப்புகிறேன், இந்தக் கியூ.ஆர். குறியீட்டைப் படம்பிடித்து உம் இரகசிய எண்ணை அழுத்துக’ என்பார். அழுத்திய அளவில் பணம் வருவதற்கு மாறாகப் போய்விடும். யு.பி.ஐ. முறையில் இரகசிய எண் பணம் கொடுப்பதற்கே வேண்டும். பெறுவதற்கு ஒருபோதும் வேண்டா. இவ்வொன்றை வீட்டிலுள்ள முதியோர்க்கு நீங்களே எடுத்துரைத்தல் வேண்டும். ஏமாற்றம் நேர்ந்துவிட்டால், காலம் தாழ்த்தாது 1930 என்னும் எண்ணிற்கு அறிவித்தல் தகும்.

பொருளைக் கொடுக்கும்போது, ஆள் நடமாட்டமுள்ள இடத்தில், பகற்பொழுதில், பெரியவர் ஒருவருடன் சென்று கொடுத்தல் நலம். பழைய கைப்பேசியாயின், அதிலுள்ள படங்களையும் கணக்குகளையும் முற்றிலும் அழித்த பின்னரே கைமாற்றுக.

மோட்டார் வண்டி விற்பதில் மட்டும் வேலை பணம் பெற்றதோடு முடிவதில்லை. ஒரே மாநிலத்துள் விற்றால், விற்றவர் 14 நாள்களுக்குள் பதிவு அலுவலகத்திற்கு அறிவித்தல் வேண்டும்; உரிமையாளர் பெயரும் மாறுதல் வேண்டும். பெயர் மாறாத வண்டி விபத்துக்கு உள்ளானால், இழப்பீட்டுப் பொறுப்பு பதிவேட்டில் பெயருள்ளவரையே சாரும் என்று உச்ச நீதிமன்றம் 2018ஆம் ஆண்டு தீர்ப்பளித்துள்ளது.