மயக்க மருந்தும் மெல்லிசையும்

வயது 50-ஐ நெருங்கும்போது எண்டோஸ்கோபி, கொலோனோஸ்கோபி என்னும் சொற்கள் நம் இல்லங்களுக்குள் நுழைந்துவிடுகின்றன. இப்பரிசோதனைகளில் பல வேளைகளில் நாம் முழுமையாக உறங்குவதில்லை. நரம்பு வழியே செலுத்தும் மருந்து நம்மை அரைத்தூக்கத்தில் ஆழ்த்துகிறது. மூச்சை நாமே விடுகிறோம், அழைத்தால் பதிலளிக்கிறோம். செவி விழித்தே இருக்கிறது. கருவிகளின் ஓசையும் அருகில் நிற்போரின் பேச்சும் அச்சத்தைக் கூட்டுகின்றன. அச்சம் மிகுந்தால் மயக்க மருந்தும் மிகுதியாகத் தேவைப்படும். முதியோருக்கு அந்தக் கூடுதல் அளவே மூச்சைத் தளர்த்தலாம், இரத்த அழுத்தத்தைத் தாழ்த்தலாம். இசை துணைநிற்பது இங்கேதான்.

அமெரிக்காவின் பென்சில்வேனியாவைச் சேர்ந்த அறுவை மருத்துவர் எவன் கேன், அறுவை அரங்கில் கிராமபோனை ஒலிக்கச் செய்தது பற்றி 1914-லேயே எழுதினார். ஒரு நூற்றாண்டு கழித்து, 2015-இல் 'லான்செட்' இதழ் 73 ஆய்வுகளைத் தொகுத்து ஆராய்ந்த கட்டுரையை வெளியிட்டது. இசை கேட்டோருக்கு அறுவைக்குப் பிந்தைய வலியும் பதற்றமும் குறைந்தன; வலிநிவாரணியும் குறைவாகவே தேவைப்பட்டது. மருத்துவமனையில் தங்கும் நாட்கள் மட்டும் குறையவில்லை. அண்மையில் டெல்லி மௌலானா ஆசாத் மருத்துவக் கல்லூரியின் ஆய்வில், பித்தப்பை அறுவைக்காக முழு மயக்கத்தில் இருந்தோர் செவிகளில் புல்லாங்குழல் அல்லது பியானோ இசை ஒலித்தபோது, மயக்க மருந்தின் தேவையே குறைந்தது.

எந்த இசை? இன்ன ராகம் இன்ன நோயைத் தீர்க்கும் என்று கைப்பேசியில் வலம்வரும் பட்டியல்களை நாம் பொருட்படுத்த வேண்டியதில்லை. மனத்துக்குப் பழகிய, நிதானமான இசை போதும். ஆனால் அறை முழுதும் ஒலிக்க விடலாகாது. உடலின் ஆக்சிஜன் அளவு குறைந்தால் அதனைக் காட்டும் கருவியின் 'பீப்' ஒலி சுருதி இறங்கும். அது மருத்துவக் குழுவினரின் காதில் தெளிவாக விழ வேண்டும். எனவே ஹெட்போன் நல்லது. 'திரும்பிப் படுங்கள்' என்று மருத்துவர் சொல்வது கேட்கும் அளவுக்கு ஒலியைத் தாழ்த்திக்கொள்ளலாம்.

இசை மருந்துக்கு மாற்றன்று; துணை மட்டுமே. ஹெட்போன் கொண்டுவரலாமா என்பதை முன்னதாகவே மயக்கவியல் மருத்துவரிடம் கேட்டுக்கொள்வது நலம்.

வங்கிப் பணியில் இருப்பதால் இன்னொன்றும் சொல்லத் தோன்றுகிறது. மருந்தின் தாக்கம் தெளிந்தது போலத் தோன்றினாலும், 24 மணி நேரத்துக்கு வண்டி ஓட்டுவதும் முக்கிய ஆவணங்களில் கையொப்பமிடுவதும் கூடாதென மருத்துவமனைகள் அறிவுறுத்துகின்றன. வைப்புத்தொகையைப் புதுப்பிக்கவோ கடன் பத்திரத்தில் ஒப்பமிடவோ வேண்டியிருந்தால், அதனைப் பரிசோதனைக்கு முந்தைய நாளே முடித்துவிடுவோம்.