காற்று ‘பிரேக் டவுன்’ ஆகுமா?

வேங்கிக்கால் வழியாக வேலூர் செல்லும் பஸ் நடுவழியில் நின்றுவிட்டால், “பஸ் பிரேக் டவுன்” என்று ஆங்கிலம் படிக்காதவரும் சொல்வர். எனவே இச்சொல்லின் பொருள் நமக்குத் தெரியும் என்றே எண்ணிவிடுகிறோம். பள்ளியில் தமிழ் வழியில் பயின்று, கல்லூரியில் ஆங்கில நூலைக் கையில் எடுக்கும் மாணவருக்குத் தொல்லை இங்கேதான் தொடங்குகிறது. மின்புலம் மீட்டருக்குச் சுமார் 30 லட்சம் வோல்ட்டைத் தாண்டினால் காற்று ‘பிரேக்ஸ் டவுன்’ என்கிறது நூல். “காற்று பழுதடைகிறது” என்று விடைத்தாளில் எழுதி மதிப்பெண்ணை இழக்கிறார் மாணவர். அவருக்கு இயற்பியல் தெரியாமலில்லை.

‘பிரேக்’ என்றால் உடை. ‘டவுன்’ என்றால் கீழே. இரண்டையும் கூட்டிப் பார்த்தால் விடை வராது. இத்தகைய கூட்டு வினைகளை ஆங்கிலத்தார் ‘ஃப்ரேஸல் வெர்ப்’ என்பர். நமக்கும் இது புதிதன்று. ‘கண்டுபிடித்தான்’ என்னும்போது யாரும் எதையும் கையால் பிடிப்பதில்லை அல்லவா?

இனி, காற்றுக்கு என்ன நேர்கிறது என்று பார்ப்போம். காற்றில் எப்போதும் சில தனி எலெக்ட்ரான்கள் உண்டு. காஸ்மிக் கதிர்களும் மண்ணிலுள்ள கதிரியக்கப் பொருள்களும் அவற்றை விடுவித்த வண்ணம் இருக்கின்றன. வலிய மின்புலம் இவற்றை முடுக்குகிறது. வேகம் பெற்ற எலெக்ட்ரான் ஒரு மூலக்கூறின் மீது மோதி இன்னொரு எலெக்ட்ரானைப் பெயர்த்தெடுக்கிறது. ஒன்று இரண்டாகி, இரண்டு நான்காகி, கணப்பொழுதில் பெருவெள்ளமாகிறது. மின்சாரத்தைத் தடுத்து நின்ற காற்று கடத்தியாக மாறிவிடுகிறது, பொறி பறக்கிறது. ஆக, இங்கே உடைந்தது காற்றன்று, அதன் மின்காப்புத் தன்மையே. புலம் நீங்கியதும் காற்று பழைய நிலைக்கே திரும்பிவிடும். பழுதான பஸ் அவ்வாறு தானே சரியாகுமா? ஆனால் கம்பியின் மேலுள்ள ரப்பர் உறைக்கு இது நேர்ந்தால், துளை விழுந்து கருகிவிடும், அது மீளாது. அங்கே ‘பழுது’ என்றாலும் தவறில்லை.

உமிழ்நீரிலுள்ள நொதி மாவுச்சத்தை ‘பிரேக்ஸ் டவுன்’ என்று உயிரியல் நூல் கூறும். இங்கே செயப்படுபொருள் ஒன்று இருப்பதைக் கவனியுங்கள். எனவே ‘சிதைக்கிறது’ என்பதே பொருள். நாமோ உடைந்தது, உடைத்தது என்று வினையிலேயே வேறுபாடு காட்டிவிடுகிறோம். ஆங்கிலத்தில் வினைக்குப் பின்னால் என்ன வருகிறது என்று தேடிப் பார்க்க வேண்டியிருக்கிறது. ஒளியின் வேகத்தை நெருங்கும்போது நியூட்டனின் விதிகள் ‘பிரேக் டவுன்’ என்றால், அவை பொருந்தாமல் போகின்றன என்று கொள்க. விதியை யாரும் மீறவில்லை.

காற்றுக்கு நேர்வதை நம் பாடநூல்கள் ‘முறிவு’ என்கின்றன. நல்ல சொல்தான். எலும்பு முறிவு என்கிறோம், அது கூடிவிடுகிறது. பேச்சுவார்த்தை முறிந்தது என்கிறோம், அதற்கும் ஆங்கிலத்தார் இதே ‘பிரேக் டவுன்’ என்பதைத்தான் சொல்வர். மின்னழுத்தத்தை ஒரே சீராக வைக்கும் ஸீனர் டயோடில் வேண்டுமென்றே முறிவை உண்டாக்கிப் பயன்படுத்துகிறார்கள். மின்னோட்டம் மிகாதபடி ஒரு மின்தடையைத் தொடரில் இணைத்துவிட்டால் அந்த டயோடுக்கு ஒன்றும் நேராது.