ஸுத்தாவும் இருதய அடைப்பும்

வெள்ளைப்பூடு, இஞ்சி, தேசிக்காய்ச் சாறு, வினாகிரி, தேன் சேர்த்துக் காய்ச்சிக் குடித்தால் நாடி அடைப்புக் கரையும், இது பாரசீக ஹகீம்களின் மருந்து என்கிறார்கள் எங்கட ஊரில். அதை நம்பி ஆஸ்பத்திரிக் குளிசையை நிறுத்தியவர்களையும் எனக்குத் தெரியும். ஆகவே சொல்லிலிருந்தே தொடங்குகிறேன்.

இப்னு ஸீனா (980-1037) 'அல்கானூன் பித்திப்' நூலில் அடைப்பை 'ஸுத்தா' என்கிறார். தடித்துப் பசையான உடற்றிரவம் ஈரல், மண்ணீரல், நாளங்களில் வழிமறிப்பதே அது. அதைத் திறக்கும் மருந்து 'முஃபத்திஹ்'. பாத்திஹா, மிஃப்தாஹ் என்று நாம் சொல்லும் அதே வேர். அவற்றுள் பேர்போனது ஸிகஞ்சபீன். பாரசீகத்தில் ஸிர்கா வினாகிரி, அங்கபீன் தேன்; பேரிலேயே செய்முறை இருக்கிறது! ஈரானில் இன்றும் புதினா போட்டு, கோடையில் குளிர்பானமாகக் குடிக்கிறார்கள்.

இன்று டொக்டர்மார் சொல்லும் அடைப்பு வேறு. கொழுப்பு நாடியின் சுவருக்குள்ளேயே பல வருடமாகப் படிகிறது. வினாகிரி ஊற்றிக் கழுவ அது குசினிக் குழாயா? வெள்ளைப்பூடு கொலஸ்திரோலைச் சற்றுக் குறைக்கும், இரத்தம் உறைவதையும் தாமதப்படுத்தும். அதனாலேயே வார்பரின் எடுப்பவர் அளவுமீறிச் சேர்த்தால் இரத்தக்கசிவு வரலாம்.

ஹகீம்களைக் குறைசொல்ல வரவில்லை. இருதய மருந்துகளுக்கென்றே தனிநூல் எழுதியவர் இப்னு ஸீனா. அவர்கள் நாடி பிடித்து, ஆளின் மிஸாஜ் பார்த்துத்தான் அளவு சொன்னார்கள். எங்கட ஆக்களோ ஒரே போத்தலை வீடுவீடாகக் கொடுக்கிறார்கள். கஷாயம் குடிப்பவர் கிளினிக்கில் அதையும் சொல்லட்டும். டொக்டரைக் கேட்காமல் குளிசையை விட வேண்டாம்.