நார்ச்சத்துன்னா வெறும் நார் இல்ல

நிறைய பேர் ஒரே கேள்வியை அனுப்பியிருந்தீங்க: "எல்லாரும் ஃபைபர் சாப்பிடு, ஃபைபர் சாப்பிடுன்னு சொல்றாங்க. அது கீரையா, ஓட்ஸா, டப்பால வர்ற பவுடரா?" இன்னைக்கு அதைப் பத்திதான் பேசப்போறோம்.

என் கதையில இருந்தே ஆரம்பிக்கிறேன். கொஞ்சம் கூச்சமான கதைதான், பரவாயில்ல. வேலை கிடைச்சு சென்னைக்கு வந்த புதுசுல பி.ஜி.ல தங்கியிருந்தேன். காலையில பிரெட், மதியம் லெமன் சாதம் இல்லன்னா தயிர் சாதம், ராத்திரி பரோட்டா. நாலே மாசத்துல கடுமையான மலச்சிக்கல். ஒரு நாள் டாய்லெட்ல ரத்தம் பார்த்தேன். கேன்சரா இருக்குமோன்னு பயந்து ரெண்டு வாரம் யார்கிட்டயும் வாயைத் திறக்கல. கடைசியில டாக்டர்கிட்ட போனேன். பரிசோதிச்சுப் பார்த்துட்டு மூலம்தான்னு சொன்னார். அப்புறம், "நேத்து என்னென்ன சாப்பிட்டீங்க?"ன்னு கேட்டார். நான் சொல்லி முடிச்சதும் அவர் கேட்டது ஒரே கேள்வி: "இதுல காய் எங்கங்க?"

(உங்களுக்கும் ரத்தம் தெரிஞ்சா நேரா டாக்டர்கிட்ட போங்க. மூலமா வேற ஏதாவதான்னு பார்த்துச் சொல்ல வேண்டியது அவங்கதான். நான் வீணாக்கின ரெண்டு வாரத்தை நீங்க வீணாக்காதீங்க.)

சரி, நார்ச்சத்துன்னா என்ன? அந்த வார்த்தையே நம்மளைக் கொஞ்சம் ஏமாத்துது. நார்னதும் வாழைத்தண்டு நறுக்கும்போது விரல்ல சுத்தி எடுப்போமே, அதுதான் ஞாபகம் வரும். இல்லன்னா முருங்கைக்காயை மென்னு துப்புற சக்கை. ஆனா வெண்டைக்காயோட வழவழப்பும், ஊற வெச்ச வெந்தயத்தோட கொழகொழப்பும்கூட நார்ச்சத்துதான். கண்ணுக்கு நாரா தெரியணும்னு அவசியமே இல்ல.

கணக்கு இதுதான்: தாவர உணவுல இருக்கிற மாவுப்பொருள்கள்ல, நம்ம சிறுகுடலால செரிக்க முடியாம அப்படியே பெருங்குடலுக்குப் போய்ச் சேர்ற பகுதி. ஒரு வேடிக்கையான உதாரணம் சொல்றேன். உங்க தட்டுல இருக்கிற சோறும், நீங்க போட்டிருக்கிற பருத்திச் சட்டையும் பெரும்பாலும் குளுக்கோஸைக் கோத்துக் கோத்துச் செஞ்ச சங்கிலிதான். கோத்த விதம் மட்டும்தான் வேற. சோத்துல இருக்கிற ஸ்டார்ச் சங்கிலியை வெட்ட நம்மகிட்ட என்சைம் இருக்கு. பருத்தியில இருக்கிற செல்லுலோஸை வெட்ட இல்ல. மாட்டுக்கு மட்டும் வைக்கோல் எப்படிச் செரிக்குதுன்னா, அதோட வயித்துல இருக்கிற நுண்ணுயிரிகள் அந்த வேலையைச் செஞ்சு குடுக்குது.

செரிக்காத ஒண்ணு எதுக்குன்னு ரொம்ப காலம் இதைச் சக்கைன்னே ஒதுக்கிட்டாங்க. 'டயட்டரி ஃபைபர்'ங்கிற பேரே 1953-லதான் வந்துச்சு. அதைப் பிரபலமாக்கினதுல டெனிஸ் பர்கிட்ங்கிற அயர்லாந்து சர்ஜனுக்குப் பெரிய பங்கு உண்டு. உகாண்டாவுல வேலை பார்த்தவர். பிரிட்டன்ல சர்வ சாதாரணமா பார்க்கிற சில குடல் நோய்கள் அங்க அபூர்வமா இருக்குன்னு கவனிச்சார். 1970-கள்ல கிராமத்து ஆட்களோட மலத்தை எடை போட்டு, சாப்பாடு வெளிய வர எத்தனை மணி நேரம் ஆகுதுன்னுகூட அவரும் கூட்டாளிகளும் கணக்கெடுத்தாங்க. எல்லாத்துக்கும் நார்ச்சத்து ஒண்ணுதான் காரணம்னு அவர் சொன்னது கொஞ்சம் அதிகப்படிதான். ஆனா பார்த்த திசை சரி.

உள்ள போய் இது என்ன செய்யுது? கோதுமைத் தவிடு மாதிரி கரையாத வகை, மலத்தோட அளவைக் கூட்டிச் சீக்கிரம் தள்ளிவிடும். எனக்கு வந்த பிரச்சினைக்கு இதுதான் இல்லாம போச்சு. ஓட்ஸ், இசப்கோல், வெந்தயம் மாதிரி கரையிற வகை தண்ணியை இழுத்துக் கூழாகும். அதனால சர்க்கரை ரத்தத்துல மெதுவா ஏறும். அந்தக் கூழ் பித்த அமிலங்களையும் பிடிச்சு வெளிய கொண்டுபோயிடும். கல்லீரல் புதுப் பித்தம் செய்யணும்னா ரத்தத்துல இருக்கிற கொலஸ்ட்ராலை எடுத்துத்தான் ஆகணும். கொலஸ்ட்ரால் குறையிறது இந்த வழியிலதான்.

எனக்கு ரொம்பப் பிடிச்சது மூணாவது. நம்மால செரிக்க முடியாததைப் பெருங்குடல்ல இருக்கிற பாக்டீரியாக்கள் சாப்பிடுது. சாப்பிட்டு பியூட்டிரேட்னு ஒரு கொழுப்பு அமிலத்தை வெளிய விடுது. பெருங்குடல் உட்சுவரோட செல்களுக்குப் பெரும்பகுதி எரிபொருள் அதுதான். அதாவது, நீங்க காய் சாப்பிடலைன்னா அங்க ஒரு கூட்டமே பட்டினி.

அளவுக்கு வருவோம். பெரியவங்களுக்கு ஒரு நாளைக்குக் குறைஞ்சது 25 கிராம்னு உலக சுகாதார நிறுவனம் 2023-ல சொல்லியிருக்கு. நம்ம தட்டுல எவ்வளவு வருது? ஒரு கப் பச்சரிசிச் சாதத்துல 1 கிராம்கூட இல்ல. ஒரு வாழைப்பழத்துல 3 கிராம். நூறு கிராம் கொய்யால 5 கிராமுக்கு மேல. வேகவெச்ச கொண்டைக்கடலை ஒரு கப்ல 12 கிராம் வரைக்கும் வரும். அப்போ சாயங்காலம் ஒரு கப் கொண்டைக்கடலைச் சுண்டல் சாப்பிட்டாலே கிட்டத்தட்ட பாதி நாள் கணக்கு முடிஞ்சிடும்! பழைய சோறு பத்தியும் கேட்டிருந்தீங்க. சாதம் ஆறும்போது ஸ்டார்ச்சுல கொஞ்சம் செரிக்காத வகையா மாறுறது உண்மைதான். ஆனா நூறு கிராமுக்கு 1 கிராம் அளவுக்குத்தான் கூடுது. ருசிக்காகச் சாப்பிடுங்க.

அப்புறம் அந்த 'ஹை ஃபைபர்' பிஸ்கட். 100 கிராமுக்கு 6 கிராம் இருந்தா அப்படிப் போட்டுக்கலாம்னு நம்ம ஊர் விதி. ஆனா யாரு 100 கிராம் பிஸ்கட் சாப்பிடுறாங்க? ரெண்டு பிஸ்கட் 20 கிராம்னு வெச்சுக்கிட்டா கிடைக்கிறது 1 கிராம் சொச்சம். கூடவே சர்க்கரையும் மைதாவும் வேற. பாக்கெட்டைத் திருப்பிப் பாருங்க.

டாக்டரைப் பார்த்துட்டு வந்த மறுநாள் நான் பண்ணின கூத்தைச் சொல்லியே ஆகணும். ஒரே நாள்ல ராஜ்மா, முளைகட்டின பயறு, ரெண்டு கொய்யா. ராத்திரி வயிறு பலூன் மாதிரி ஊதிடுச்சு. ரூம்மேட் ஜன்னலைத் திறந்துட்டான். அந்த பாக்டீரியாக் கூட்டத்துக்குப் பழக டைம் வேணும். வாரத்துக்கு ஒரு அயிட்டம்னு மெதுவா கூட்டுங்க, தண்ணியையும் சேர்த்துக் கூட்டுங்க. இசப்கோல் எடுத்தா கண்டிப்பா முழு டம்ளர் தண்ணியோட. குடல்ல ஆபரேஷன், அடைப்புன்னு ஏதாவது இருந்தவங்க டாக்டரைக் கேட்காம கூட்டவே கூடாது.

நான் இப்பவும் பி.ஜி. மெஸ்லதான் சாப்பிடுறேன். பொரியல் மட்டும் ரெண்டு கரண்டி கூட கேட்டு வாங்கிக்கிறேன். அக்கா மொதல்ல முறைச்சாங்க, இப்போ அவங்களே வெச்சிடுறாங்க.