கடல்மட்டத்துக்கு மேலே ஒரு மீற்றர்

ஹல்துமுல்லைப் பக்கத்துத் தோட்டமொன்றைச் சேர்ந்த வாசகர் எழுதியிருக்கிறார். கொழும்பில் வேலை. சுழியோடப் பழகிச் சான்றிதழும் வாங்கியாயிற்று. முதற் பயணமாகப் பாசிக்குடாவில் இரண்டு நாள் கடலில் இறங்கிவிட்டு, அப்படியே பஸ் ஏறி வீட்டுக்கு வர யோசனை. "கடைசியாக இறங்கிய பிறகு பதினெட்டு மணித்தியாலம் விமானத்தில் ஏறக்கூடாது என்று சொல்லித் தந்தார்கள். பஸ்ஸில் ஏறலாம்தானே?"

ஏறலாம். அந்த பஸ் எவ்வளவு உயரத்துக்கு ஏறுகிறது என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

விமானம் ஆகாதது அங்கே காற்றழுத்தம் குறைவு என்பதால் மட்டுமே. மலையிலும் அது குறைவுதான். சுழியோடிகளின் பாதுகாப்புக்கென இயங்கும் 'டான்' அமைப்பு 2002இல் நிபுணர்களைக் கூட்டி வகுத்த பரிந்துரை, 2000 அடி முதல் 8000 அடி வரையான உயரத்தின் அழுத்தத்துக்கு உரியது. ஒரே ஒரு தடவை இறங்கியவர் 12 மணித்தியாலம், பல தடவை அல்லது பல நாள் இறங்கியவர் 18 மணித்தியாலம் பொறுக்க வேண்டும். ஏறத்தாழ 1000 மீற்றர் உயரத்திலிருக்கும் ஹல்துமுல்லை அந்த வரம்புக்குள் வசமாக அகப்படுகிறது.

ஏன் பன்னிரண்டு, ஏன் பதினெட்டு? எனக்குப் பிடித்த இடம் இதுதான். 18 மீற்றர் ஆழத்தில் அழுத்தம் 2.8 வளிமண்டலம். சுவாசிக்கும் நைதரசன் அதற்கேற்ப உடம்பில் கரைகிறது. ஆனால் எல்லா இழையத்திலும் ஒரே வேகத்தில் அல்ல. தீபாவளி லீவுக்குத் தோட்டத்துக்கு வரும் பிள்ளைகளை நினைத்துக்கொள்ளுங்கள். குருதிதான் பஸ், அழுத்தந்தான் லீவு. ரோட்டோர லயத்துக்கு அடிக்கடி பஸ். அது மளமளவென்று நிரம்பும், லீவு முடிந்ததும் மளமளவென்று காலியாகும். மூளை அந்த ரகம். மேற்கணக்கு லயத்துக்கு எப்போதோ ஒரு பஸ். பிள்ளைகள் வந்து சேரவும் நாளாகும், திரும்பிப் போகவும் நாளாகும். குருதியோட்டம் குறைந்த மூட்டுப் பகுதிகளும் கொழுப்பும் இந்த ரகம். லீவு படிப்படியாகக் குறைந்தால் ஆளுக்கொரு சீட் கிடைத்து நுரையீரல் என்ற புறக்கோட்டையில் எல்லோரும் ஒழுங்காக இறங்கிவிடுவார்கள். ஒரேயடியாக ரத்தானால் அத்தனை பேரும் சந்தியில் கூடி வழியை அடைத்துக்கொள்வார்கள். அந்தக் கூட்டந்தான் குமிழி. சுழியோடிகளின் நோய்க்குக் காரணமும் அதுவே. நடத்துனர் யார் என்று கேட்டு எழுதிவிடாதீர்கள். அவருக்கு உடம்பில் வேலை இல்லை.

வரலாறு கேட்பவர்களுக்காக ஒரு பத்தி. 1670 வாக்கில் ரொபர்ட் பொயில் காற்றகற்றிய கலத்துக்குள் வைத்த விரியன் பாம்பின் கண்ணில் குமிழி ஓடக் கண்டார். 1878இல் போல் பேர்ட், குற்றவாளி நைதரசனே என்று காட்டினார். 1908இல் ஹோல்டேனும் கூட்டாளிகளும் ஆடுகளை அழுத்த அறையில் அடைத்துப் பரிசோதித்து, 5 நிமிடத்திலிருந்து 75 நிமிடம் வரை அரைநேரம் (பாதி நிரம்பவோ பாதி காலியாகவோ எடுக்கும் நேரம்) கொண்ட ஐந்து இழைய வகைகளைக் கற்பித்துக்கொண்டு கணக்குப் போட்டார்கள். பிற்பாடு சூரிச்சில் பூல்மன் அதைப் பதினாறாக்கினார். ஆல்ப்ஸ் மலை ஏரிகளில் இறங்குவோரும் அவர் கணக்கில் இருந்தார்கள். இன்று பலர் கையில் கட்டும் சுழியோடற் கணினிகளுக்குள் இருப்பது பெரும்பாலும் அந்தக் கணக்கின் வாரிசுதான். விளம்பரத்தில் அது 'உங்கள் உடலை அறியும்' என்று வரும். அறியாது. அதற்குத் தெரிந்தது பெரும்பாலும் ஆழமும் நேரமுந்தான்.

பூல்மனின் மிக மந்தமான வகைக்கு அரைநேரம் 635 நிமிடம். 12 மணித்தியாலம் கழித்தும் அதில் சேர்ந்த மேலதிக நைதரசனில் ஏறக்குறைய 45 வீதம் மீதியிருக்கும். 18 மணித்தியாலத்தில் 30 வீதம். ஒரே தடவை முக்கால் மணித்தியாலம் இறங்கியவருக்கு அந்த வகை நிரம்புவதே சொற்பம், ஆகவே மீதியும் சொற்பம். நாளுக்கு இரண்டு மூன்று என்று இறங்கினால் மேற்கணக்கும் மெல்ல நிரம்பிவிடுகிறது. பன்னிரண்டு பதினெட்டாவதன் நியாயம் அதுதான்.

கடலிலிருந்து மேலே வரும்போது 5 மீற்றரில் மூன்று நிமிடம் நிற்கச் சொல்லியிருப்பார்கள். மேற்பரப்பை நெருங்க நெருங்க அவசரம் ஆகாது. ஹல்துமுல்லையில் காற்றழுத்தம் கடற்கரையைவிட ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு குறைவு. நீரில் சொன்னால், ஒரு மீற்றருக்குச் சற்று அதிகம். அதாவது வீட்டுக்குப் போகும் சுழியோடி கடல்மட்டத்துக்கு மேலேயும் இன்னொரு மீற்றர் எழும்புகிறார். நோய்க்குறி எதுவும் இல்லாதவர்களின் குருதியிலும் சுழியோடிய பின் குமிழிகள் ஓடுவதை டொப்ளர் கருவி காட்டுகிறது. சும்மா கிடக்கிற அந்தக் குமிழிகளுக்கு இந்த மீற்றர் தேவையில்லாத உற்சாகம்.

பயப்பட வேண்டியதில்லை. பொழுதுபோக்குக்கு இறங்குவோருக்கு இந்த நோய் அரிது. 'காலையில் கடல், மாலையில் மலை' என்று சின்ன நாட்டின் பெருமை பேசும் சுற்றுலா விளம்பரங்களை மட்டும் நம்பாதீர்கள். அவை குளிக்கிறவர்களுக்கு எழுதியவை.

வழியிலும் வித்தியாசம் உண்டு. பதுளை, பண்டாரவளை வழியாக வந்தால் 1400 மீற்றருக்கு மேலுள்ள அப்புத்தளையைத் தாண்டித்தான் பெரகலைக்கு இறங்க வேண்டும். உடம்புக்கு, போய்ச் சேரும் ஊரின் உயரம் அல்ல, வழியில் தொட்ட உச்சந்தான் கணக்கு. ஹல்துமுல்லையூடாக ஓடும் அதே ஏ4 வீதி மட்டக்களப்பு வரை போகிறது. அதில் மொனராகலை, வெல்லவாய வரை தாழ்நிலந்தான். அதற்கப்பால் கொஸ்லந்தைப் பக்கமாகத்தான் ஏற்றம். கடைசி நாளைக் கரையில் கழிப்பது உத்தமம். முடியாவிட்டால் வெல்லவாயவில் ஓரிரவு படுத்தெழும்பி ஏறுங்கள்.

மட்டக்களப்புக்கு அப்பால், 1942 ஏப்ரல் 9இல் ஜப்பானிய விமானங்கள் மூழ்கடித்த ஹெர்மெஸ் கப்பலைக் காட்டுவதாக யாராவது ஆசை காட்டலாம். அது கிடப்பது 50 மீற்றருக்கும் கீழே. புதுச் சான்றிதழின் எல்லை 18.

வீடு வந்தபின் மூட்டு வலி, விறைப்பு, காரணமில்லாத அசதி என்றால் பஸ்ஸில் மடங்கி உட்கார்ந்ததன் பலன் என்று தைலம் தேய்த்துவிட்டுப் படுக்காதீர்கள். வைத்தியரிடம் முதல் வார்த்தையாகக் கடலில் இறங்கியதைச் சொல்லுங்கள். சொல்லாவிட்டால் மலைநாட்டில் யாருக்கும் அது தோன்றாது. இதற்கான மருத்துவம் சுத்தமான ஒட்சிசனும் அழுத்த அறையும்.

மலைக்காரருக்கு இதில் ஒரு லாபமும் உண்டு. ஊரிலிருந்து நேராகக் கடலுக்கு இறங்குகிறவர் உடம்பில் கரைந்திருக்கும் நைதரசன், கரையோரத்தாரைவிடப் பத்தில் ஒரு பங்கு குறைவு. ஆனால் கேள்வி கேட்டவர் இருப்பது கொழும்பில். அவருக்கு அதுவும் இல்லை.