மூளை எம்.ஆர்.ஐ. படிமங்களில் வளையவடிவப் புண்களை வேறுபடுத்தியறிதல்: தமிழகச் சூழல்

மூளையின் எம்.ஆர்.ஐ. படிமத்தில் இயல்புக்கு மாறான திரள் ஒன்று தென்பட்டவுடன் அதனைப் புற்றுக்கட்டி எனக் கருதுவது பெருவழக்கு. ஆயின், கடோலினியம் செலுத்தி எடுக்கப்பெறும் படிமத்தில் காணும் ஒளிர்வளையம், குருதிக்கும் மூளைக்கும் இடையிலான தடுப்பு அவ்விடத்தில் சிதைந்துள்ளது என்பதை மட்டுமே உணர்த்தும். சிதைத்தது எது என்பதைக் கூறாது. அம்பத்தூரை அடுத்த கள்ளிக்குப்பத்திலிருந்து முதன்முறை வலிப்புடன் வரும் இளைஞர் ஒருவரிடம் அத்தகைய வளையம் காணப்படின், நாடாப்புழுவின் இளம்பருவம், காசநோய்க் கட்டி, சீழ்க்கட்டி, புற்றுக்கட்டி ஆகிய நான்கையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும். தவறாகக் கணித்தால் தேவையற்ற மண்டையோட்டு அறுவையோ, கல்லீரலைத் தாக்கவல்ல காசநோய் மருந்தோ நோயாளர்மேல் சுமத்தப்படும்.

இவ்வகையில் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் பணி தனித்துக் குறிக்கத்தக்கது. 1980களில் வலிப்பு நோயாளரின் சி.டி. படிமங்களில் கண்ட சிறு ஒற்றைப் புண்கள் பெரிதும் காசநோயாகவே கொள்ளப்பட்டன. மேத்யூ சாண்டி, வேதாந்தம் ராஜசேகர் முதலியோர் அவற்றிலிருந்து திசு எடுத்து ஆய்ந்தபோது, பல நாடாப்புழுவால் விளைந்தவை எனத் தெரிந்தது. 1993இல் அவர்கள் வெளியிட்ட சி.டி. அளவுகோல் எளிமையானது. 20 மி.மீ.க்கு மிகாத வட்டப்புண், மூளையின் நடுக்கோட்டை நகர்த்தாத வீக்கம், நரம்புக் குறைபாடு இன்மை ஆகியன புழுவைச் சுட்டும். அளவிற் பெரியதும் வடிவில் ஒழுங்கற்றதும் காசநோயை. (பன்றியிறைச்சி உண்ணாதாரும் இந்நோய்க்கு விலக்கல்லர், புழுமுட்டை கலந்த நீரோ பச்சைக் காய்கறியோ போதும்.)

எம்.ஆர்.ஐ. மேலும் சில சான்றுகளைச் சேர்க்கிறது. நீர்ப்பையினுள் ஓரமாக ஒரு புள்ளி தெரியின் அது புழுவின் தலை. பிறகு ஐயத்திற்கு இடமில்லை. டி2 படிமத்தில் மையம் கருத்திருப்பின் காசநோய்க் கட்டியை நினைக்கலாம். விரவல் படிமத்தில் சீழ்க்கட்டியின் மையம் வெண்மையாக ஒளிரும். தடித்த சீழில் நீர் மூலக்கூறுகள் எளிதில் அசைய இயலாமையே காரணம். புற்றுக்கட்டியின் அழிந்த மையம் பெரும்பாலும் அவ்வாறு ஒளிராது. காந்த அதிர்வு நிறமாலையில் கோலின் உயர்வு புற்றுக்கட்டியையும் கொழுப்பு முகடு காசநோய்க் கட்டியையும் சுட்டும் என்பர். எனினும் அழிதிசு மிகுந்த புற்றுக்கட்டியிலும் அம்முகடு தோன்றுமாதலின், அதனை மட்டும் கொண்டு துணிதல் ஆகாது.

நரம்புக் குறைபாடின்றிப் புண் சிறிதாய் இருப்பின், வலிப்பு மருந்துடன் சில மாதங்கள் காத்திருந்து மறுபடிமம் எடுக்கலாம். புழுப்புண் அதற்குள் பெரும்பாலும் சுருங்கியோ மறைந்தோ இருக்கும். வளர்ந்திருப்பின் திசு ஆய்வைத் தள்ளிப்போடலாகாது.